கொல்லயில் ரோட்டில் கறுப்பு வெள்ளைப் புயல்

கிள்ளான் பட்டணத்தில் என் கடையில் சட்டம் போடாத கல்யாணப் படம் இல்லை என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவன் நான். கண்ணாடி துடைக்கச் சேர்ந்த கடையையே பின்னால் விலைக்கு வாங்கினேன். எழுபது தாண்டிய வயதில் கக்கத்தில் ஒரு கண்ணாடிப் படத்தை இடுக்கிக்கொண்டு கேரளத்துக்குத் தனியாகப் போய் வந்தேன் என்றால் என் பிள்ளைகளே நம்ப மறுக்கிறார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

போன காரணம் சசி. என் கடையில் பல வருடம் சட்டம் அறுத்தவன். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயில் என்பது அவனுடைய ஊர். திரும்பிப் போய் லாரி வாங்கினான், வீடும் கட்டிவிட்டான். புது வீட்டில் முதல் அடுப்பு மூட்டும் சடங்குக்கு அங்கே பால்காய்ச்சு என்று பெயர். “மொதலாளி வந்து நிக்காம நான் பால் காய்ச்ச மாட்டேன்” என்று போனில் ஒரே பிடிவாதம். வெறுங்கையோடு போகிறவனா நான்? ‘விற்பனைக்கு இல்லை’ என்று வருடக் கணக்காகக் கடையில் மாட்டி வைத்திருந்த படத்தையே கழற்றிக்கொண்டேன்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரப்பர்த் தோட்டத்துப் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது, பழைய ஆங்கிலக் கதைப்பாட்டுப் புத்தகங்கள் மழையில் ஊறிக் குப்பைக்குப் போக இருந்தன. எழுத்துப் பக்கமெல்லாம் கூழாகிவிட்டது. நடுநடுவே இருந்த படங்கள் மட்டும் கெட்டித் தாளில் இருந்ததால் பிழைத்தன. நான் அள்ளிக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவில் அச்சுக்கடை வைத்திருந்த சீனக் கிழவர் பார்த்துவிட்டு விளக்கினார். எல்லாம் சுமார் இருநூறு வருடப் பழக்கமாம். செம்புத் தகட்டிலோ எஃகுத் தகட்டிலோ கூர் உளியால் கோடு கோடாக வெட்டுவார்கள், வெட்டிய பள்ளத்தில் மையைத் தேய்ப்பார்கள், தாளை வைத்து அழுத்தி எடுப்பார்கள். அதில் சாம்பல் நிறம் என்பதே கிடையாது. இருட்டு வேண்டுமா, கோட்டின் மேல் குறுக்குக் கோடு போட வேண்டும். வெளிச்சம் வேண்டுமா, தகட்டைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். மின்னல் என்பது அந்த மனுஷன் வெட்டாமல் விட்ட இடம். இதைக் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் படங்களில் ஒருவர்கூடச் சும்மா நிற்பதில்லை. ஒரு கிழவர் மகளை வீட்டை விட்டுத் துரத்துகிறார், கை வானத்தைக் குத்துகிறது. ஒருவன் கல்லறை மேல் விழுந்து கிடக்கிறான், அவனோடு சேர்ந்து மரமும் குனிந்திருக்கிறது. குதிரை முன்னங்காலைத் தூக்கினால் மேகமும் தூக்குகிறது. என் கடைக்கு வரும் குடும்பப் படங்களில் மாப்பிள்ளை முதல் மாமனார் வரை உலக்கையை விழுங்கியதுபோல் நிற்பார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இவை விருந்து.

நான் கொண்டுபோனது எல்லாவற்றிலும் உசத்தி. கடலோரப் பாறை மேல் ஒரு பெண், நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். இரண்டு கையும் கடலைப் பார்த்து நீண்டிருக்கின்றன. முடியும் துணியும் காற்றில் பறக்கின்றன. தூரத்தில் ஒரு படகு கவிழ்கிறது. முகமே தெரியாது. கீழே இரண்டு வரி ஆங்கிலம் உண்டு, நான் யாரையும் படிக்கச் சொன்னதில்லை. அவள் புருஷன் அந்தப் படகில் இருக்கிறான் என்று நானே ஒரு கதை வைத்துக்கொண்டேன்.

முதல் நாள். விமானத்திலிருந்து இறங்கியதும் சசி லாரியோடு வருகிறேன் என்றான். “கடலையே தாண்டிட்டேன், ஒரு ஊரைத் தாண்ட முடியாதா லா?” என்று சொல்லிப் பேருந்தில் ஏறினேன். கண்டக்டர் மலையாளத்தில் கேட்டார், “பெரியவரே, கண்ணாடியா? உடைந்தால் எங்களுக்குப் பொறுப்பில்லை.” “உடைஞ்சா உங்க பஸ்ஸைத்தான் நான் சும்மா விட மாட்டேன்” என்றேன். அவருக்குத் தமிழ் நன்றாகப் புரிந்தது என்பது பின்னால் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்ததில் தெரிந்தது.

உதியன்குளங்கரையில் இறங்க வேண்டும். கண் விழித்தபோது கடைப் பலகைகள் எல்லாம் தமிழில் இருந்தன. எல்லை தாண்டிக் களியக்காவிளைக்கு வந்துவிட்டேன். ஆட்டோக்காரர் என்னையும் படத்தையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“உறங்கிப்போட்டியளாக்கும்?”

“கண்ணை மூடி யோசிச்சிட்டு இருந்தேன்.”

“யோசிச்சு யோசிச்சு ஸ்டேட்டே மாறியாச்சு அண்ணாச்சி. ஏறுங்க, திரிச்சுக் கொண்டு விடுதேன்.”

சசியின் வீட்டில் சாப்பாடு பெரிய சிவப்பு அரிசிச் சோறும் சாளை மீன் குழம்பும். ஒரு பருக்கையை மென்றால் எங்கள் ஊரில் மூன்று பருக்கை மென்ற வேலை. கண்ணாடித் தம்ளரில் ரோஜா நிறத்தில் ஏதோ வைத்தார்கள். எங்கள் ஊரில் சிராப் என்று விற்கும் ரோஜா சர்பத் என்று நினைத்து, ஐஸ் கேட்டேன். சசியின் மனைவி பிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். “மாமா, அது பதிமுகம்னு ஒரு மரத்துக்க சீவல் போட்டுத் திளப்பிச்ச வெள்ளமாக்கும். ஐஸ் போட்டா ஊரே சிரிக்கும்.” குடித்துப் பார்த்தேன். வெந்நீர்தான், ஆனால் கௌரவமான வெந்நீர்.

சமையல்கட்டு வாசலில் சேலைத் தலைப்பால் வாயை மூடியபடி ஒரு பெண் நின்றாள். வணக்கம் சொன்னேன். தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் சசி என்னைப் பூவாருக்குக் கூட்டிக்கொண்டு போனான். நெய்யாறு கடலுக்குள் போகிற இடம் அது. இந்தப் பக்கம் ஆறு பாய் விரித்ததுபோல் கிடக்கிறது. ஒரு மணல் திட்டுக்கு அந்தப் பக்கம் கடல் ஆளை விழுங்குகிற ஆத்திரத்தில் நிற்கிறது. எங்கள் நாட்டுப் போர்ட்டிக்சன் கடற்கரையைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இதைப் பார்த்தபின் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன். கரையில் மீன்காரி ஒருத்தி விலை குறைத்துக் கேட்டவனை ஒரு கையால் வானத்துக்கும் மறு கையால் கடலுக்கும் காட்டித் திட்டினாள். என் தகட்டுப் படத்துக் கிழவர் தோற்றார்.

திரும்பும்போது ஆகாயத்தாமரை சுற்றி எங்கள் படகின் விசிறி நின்றுவிட்டது. படகுக்காரர் தண்ணீரில் இறங்கி அறுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சமையல்கட்டு வாசலில் நின்ற பெண்ணைப் பற்றிச் சசியிடம் கேட்டேன்.

“அது ஓமனா அக்கா. எனக்க மூத்தது. நாடக நடிகையாக்கும் மொதலாளி. கொல்லத்துக்கு அங்கிட்டும் அக்காவைத் தெரியும். கோயில் உற்சவத்துக்கு நாடகம் வந்தா, ஓமனா உண்டான்னு கேட்டுத்தான் கமிட்டிக்காரங்க அட்வான்ஸ் கொடுப்பினும்.”

“இப்ப?”

“ஒருநாள் நாடகம் முடிஞ்சு வேன்ல வந்தா. காலையில எந்திச்சா முகம் ஒரு பக்கம் அனங்கல்ல. வாய் கோணிப்போச்சு, ஒரு கண்ணு அடையாது. ஊசி, மருந்து, தடவல் எல்லாம் பாத்தாச்சு. பாதி திரும்பிச்சு, மீதி இல்ல. ட்ரூப்புக்காரங்க நல்லா ஆகட்டும் பிறகு விளிக்கோம்னு பறஞ்ஞினும். விளிக்கல்ல. இப்ப வீட்டைவிட்டு இறங்குகதே இல்ல. ரோட்டில நாலுபேரு முன்னால நிண்ணு கொறே நாளாச்சு.”

படகு அசைந்தது. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

பால்காய்ச்சு நாள். பால் பொங்கியது, எல்லாரும் கும்பிட்டார்கள். இலையில் பருப்பு, நெய், பப்படம், அவியல், கடைசியில் போளியும் பாயசமும். போளியைப் பாயசத்தில் முக்கித் தின்ன வேண்டுமாம். இந்தக் கண்டுபிடிப்புக்கு மட்டும் இந்த ஊருக்கு ஒரு சலாம்.

வயிறு நிறைந்த நேரம் பார்த்து என் படத்தைப் பிரித்தேன். தேக்குச் சட்டம், உள்ளே தங்க ஓரம், நானே அறுத்தது. கூட்டம் வந்து பார்த்தது. கை தட்டுவார்கள் என்று நின்றேன்.

“இது ஆரு சசி, மரிச்சுப்போன ஆளா?” என்றார் ஒரு மாமா.

“மரிக்கப் போற ஆளு போல இருக்கு” என்றார் இன்னொருவர்.

பிந்து என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். “மாமா ஒண்ணும் நினைக்கப்பிடாது. புது வீட்டில, ஒருத்தி நெலவிளிச்சு அழுகிற படம், அதுவும் கறுப்பும் வெளுப்பும். ஹால்ல மாட்டினா ஆளுக பறையும்.” அங்கே சுவரில் கறுப்பு வெள்ளையாகத் தொங்கினால் செத்தவர் என்று அர்த்தமாம். வந்த கோபத்தை இன்னொரு போளியோடு விழுங்கினேன். படம் உள்ளறைக்குப் போனது. அந்த அறை ஓமனாவினுடையது.

சாயங்காலம் என் மூக்குக்கண்ணாடியைத் தேடி அந்தப் பக்கம் போனேன். ஓமனா கட்டிலில் படத்தைச் சாய்த்து வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பு வாயில் இல்லை. என்னைக் கண்டதும் எடுத்து மூடிக்கொண்டாள். ஆனால் பேசினாள்.

“அண்ணாச்சி, இவளுக்க முகத்தைக் காட்டல்லியே, பிறகு எப்பிடி இவ கரஞ்சு அழுகான்னு நமக்குத் தெரியுது?”

“கையைப் பாரு” என்றேன், பெரிய வாத்தியார் மாதிரி. “துணியைப் பாரு. மேகத்தைப் பாரு. இந்தப் படங்கள்ல முகம் பச்சைப்பயறு அளவுதான் வரும். அதுல உளியை வெச்சு எவ்வளவு துக்கத்தை வெட்ட முடியும்? அதனால துக்கத்தைத் தூக்கி எல்லா இடத்திலயும் போட்டுட்டான்.”

அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு விரலால் ஒரு இடத்தைத் தொடாமல் காட்டினாள். “தோளு. ஒரு தோளு பொங்கி நிக்குது, மற்றது விழுந்து கிடக்குது. இப்பத்தான் நிண்ணு விளிக்க ஆரம்பிச்சவ இல்ல இவ. விளிச்சு விளிச்சு தொண்டை அடைச்சுப்போனவளாக்கும்.”

சன்னல் விளிம்பில் கிடந்த என் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். உண்மைதான். இடது தோள் தாழ்ந்திருந்தது. அங்கே கோடுகள்கூடத் தளர்ந்து ஓடின. இத்தனை வருடம் தினமும் தூசி தட்டிய படம்! நடிக்கிறவள் கண்ணே வேறு.

அன்றைக்கே, வரப்போகிற கோயில் உற்சவத்துக்காக, முற்றத்தில் ஊர்க் கிளப்காரர்கள் கூடினார்கள். அந்த ஊர் உற்சவ ஊர்வலத்தில் ஒவ்வொரு கிளப்பும் லாரி மேல் ஒரு காட்சி வைக்கும். சாமி வேஷமோ கதை வேஷமோ போட்டு ஆட்கள் அசையாமல் நிற்பார்கள், லாரி நகரும். அவர்கள் பாஷையில் ஃப்ளோட்டு. சசிதான் செயலாளர்.

“சிவன் தலையில கங்கை. மோட்டர் வச்சு வெள்ளம் அடிப்போம்” என்றான் ஒருவன்.

“எலே, போன வருசம் ஷாக்கடிச்சு சிவன் லாரியிலேருந்து சாடினான், மறந்துபோச்சா?”

“அது மோட்டருக்க குற்றம்.”

“சிவனுக்க பாரியாளுகிட்ட போய் பறை.”

நான் உள்ளே போய்ப் படத்தை எடுத்து வந்து நடுவில் வைத்தேன். இதை வையுங்கள், பூவார் கடல், புயல், படகுக்காரன் மனைவி. கலர் விளக்கு ஒன்றும் வேண்டாம். எல்லாம் கறுப்புக் கோடு, வெள்ளைத் துணி. ஊரே கலரில் வரும்போது நீங்கள் மட்டும் தாளிலிருந்து இறங்கி வந்ததுபோல் வருவீர்கள். கால்மணி நேரம் பேசினேன். கிள்ளானில் நான் பேச ஆரம்பித்தால் வாடிக்கையாளர் சின்னச் சட்டம் கேட்டு வந்து பெரிய சட்டம் வாங்கிக்கொண்டு போவார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றான் சசி. “நிக்கதுக்கு ஆரு உண்டு?”

வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. “முதுகு காட்டினா போதுமெங்கில் நான் நிக்கேன்.”

யாரும் திரும்பவில்லை. திரும்பினால் அவள் உள்ளே போய்விடுவாள் என்ற பயம் போலும். சசி தரையைப் பார்த்துக்கொண்டே, “செரி அக்கா” என்றான்.

அடுத்த நாட்கள் என் ராஜ்யம். கடைப் பலகை எழுதும் பினுவைக் கொண்டு ஒட்டுப்பலகையில் கடல் வரையவைத்தேன். அவன் சாம்பல் பெயிண்ட் கலக்கினால் தட்டிவிட்டேன். “கோடு! கோடு மட்டும்!” “அண்ணாச்சி, கடலுக்கு எத்தற கோடுன்னு இரிக்குது?” “கடல் தீருகிற வரைக்கும்.” சிமெண்டில் முக்கிய சாக்கால் பாறை செய்தார்கள். ஓமனா கட்டப்போகும் வெள்ளைத் துணியில் மடிப்பு மடிப்பாகக் கறுப்புக் கோடு இழுத்தோம். துணி பறக்க வேண்டுமே? இங்கேதான் என் மூளை. படம் மாட்டும் கம்பியை விளிம்பில் வைத்துத் தைத்தேன். வளைத்துவிட்டால் காற்றே இல்லாமல் புயல்.

சசி லாரியைச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தான். “மொதலாளி, ரோட்டுக்கு ரண்டு பக்கமும் ஆளுக நிப்பினும். வலது பக்கம் நிக்கவனுக்கு அக்காவுக்க முகம்லா தெரியும்?”

சட்டம் போடுகிறவனுக்குப் படத்துக்குப் பின்பக்கம் என்றால் அட்டையும் ஆணியும்தான். லாரிக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. பினுதான் வழி சொன்னான். கடல் பலகையை லாரியின் வலது ஓரத்தில் நட்டு நிறுத்தலாம், பலகையின் வெளிப்பக்கத்திலும் அலை எழுதிவிடலாம். இடது பக்கத்தார் அவள் முதுகைப் பார்ப்பார்கள். வலது பக்கத்தார் அலையை மட்டும் பார்ப்பார்கள்.

ஓமனா வந்து பலகைக்கும் தனக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று கையால் அளந்தாள். “இது மாறப்பிடாது சசி. மாறினா நான் இறங்கி ஓடீருவேன். பிறகு என்னை எதுக்கும் விளிக்கப்பிடாது.”

ஊர்வலத்தன்று வெயில் சாயுமுன் லாரி புறப்பட்டது. முன்னால் செண்டை. பின்னால் மயில் மேல் முருகன், பாம்பு மேல் விஷ்ணு, பொத்தானை அமுக்கினால் வாய் திறக்கும் சிங்கம். எல்லாவற்றிலும் விளக்குகள் ஓடின. நடுவில் எங்களுடையது ஒன்று மட்டும் நிறமில்லாமல் வந்தது. ஓமனா பாறையில் நின்றாள், கைகள் நீண்டு, ஒரு தோள் பொங்கி ஒரு தோள் விழுந்து. மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. நான் இடது பக்கம் கூடவே நடந்தேன். சனம் பேச்சை நிறுத்துவதைக் காதால் கேட்டேன். “அய்யோ, பாவம்” என்றாள் ஒரு பெண். முதுகைப் பார்த்து! இருநூறு வருடத்துக்கு முன்னால் எந்த ஊரிலோ தகடு வெட்டிய மனுஷா, நீ பெரிய ஆள்.

குறுக்கே வரும் கம்பிகளை மூங்கில் கவையால் தூக்கிவிட ஆட்கள் உண்டு. கோயிலுக்கு முந்திய வளைவில் ஒரு கேபிள் தூக்க வரவில்லை. பலாக்கிளையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பலகையின் தலை அதில் போய் மாட்டியது. பின்னால் சிங்கம், முருகன் எல்லாம் நின்றுபோனார்கள். போலீஸ்காரர் விசில் ஊதினார், “பலகையைச் சாய், வண்டியை எடு!”

சசி மேலே ஏறினான். “அக்கா, சாய்க்காம முடியாது.” அவள் அசையவில்லை. அவன் கொக்கியைக் கழற்றினான், பலகை படுத்தது.

நான் முதுகுப் பக்கம் நின்றிருந்தேன். எனக்குத் தெரிந்தது எதிர்ப்பக்கத்துச் சனத்தின் முகம் மட்டும். போனைத் தூக்கிப் பிடித்திருந்தவன் இறக்கினான். ஒரு பெண் பக்கத்தவள் கையைப் பிடித்தாள். “ஓமனையல்லா இது?” என்ற பேச்சு வரிசையாக ஓடியது. எனக்குப் பொறுக்கவில்லை. லாரியில் கிடந்த போர்வையை எடுத்துக்கொண்டு எப்படியோ ஏறிவிட்டேன். அவள் முன்னால் விரித்துப் பிடிக்கப் போனேன்.

கை நீட்டியபடியே, கடலிலிருந்து கண்ணை எடுக்காமல், பாதி வாயால் சொன்னாள். “மாறுங்க அண்ணாச்சி. மறைக்காதிங்க.”

இறங்கிவிட்டேன்.

பரிசு சிங்கத்துக்குப் போனது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வளைவு தாண்டியதும் சசி பலகையை நிமிர்த்த வந்தான். “வைக்கட்டா அக்கா?” வேண்டாம் என்று அவள் தலையை அசைத்தாள். பிறகு பாறை மேல் கால் மாற்றி, மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள், அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வந்த எங்கள் பக்கம். கம்பி வைத்த துணி அலைபோல் சுற்றி வந்து நின்றது. கையை நீட்டினாள். இப்போது படகு எங்கள் நடுவில்தான் எங்கோ கவிழ்ந்துகொண்டிருந்தது. அவள் முகத்தில் ஒரு பாதி அழுதது. மறு பாதி, அழ வராத பாதி, கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றது. நான் வளைத்த கம்பியும் பினு போட்ட கோடும் யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது. எனக்கே இல்லை.

என் பக்கத்தில் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த ஒருவர் நின்றிருந்தார். மலையாளத்தில் கேட்டார், “பெரியவரே, இது யார்?”

கடையைப் பற்றியும் படத்தைப் பற்றியும் சொல்ல எனக்கு நல்ல வாய்ப்பு. வாயைத் திறந்தேன்.

“ஓமனா” என்றேன். “நாடக நடிகை.”